ஃபேண்டசி ஹாக்கி டிராஃப்ட்: ரேங்கிங்கை அப்படியே எடுத்துக்காதீங்க

ஃபேண்டசி ஹாக்கியில், என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) வீரர்களை டிராஃப்டில் ஒவ்வொருத்தரா முறை வைத்து எடுத்து உங்க அணியை அமைக்கணும்; நிஜ ஆட்டத்தில் அவங்க ஆடுவதை வைத்து உங்களுக்கு ஸ்கோர். ஆப்பில் வரும் வீரர் ரேங்கிங் பொதுவான செட்டிங்குக்குப் போட்டது. முதலில் உங்க லீக்கின் ஸ்கோரிங்கைப் பாருங்க. ஹிட்ஸ் (பந்துக்குப் பதிலான பக் வைத்திருக்கும் எதிரணி ஆளை உடம்பால் மோதுவது) கணக்கில் உண்டுன்னா, கோலும் அடித்து ஹிட்டும் கொடுக்கும் பிரேடி கச்சக் மாதிரி ஆட்களை மேலே ஏற்றுங்க. கோல், அசிஸ்ட் மட்டும்னா இறக்குங்க.

அடுத்து, ஒவ்வொரு பொசிஷனிலும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருப்பவர்களை ஓர் அடுக்காக்கிக் கோடு போடுங்க. இதுதான் முக்கியம். 12 அணி ஸ்நேக் டிராஃப்டில் (ஒவ்வொரு சுற்றிலும் எடுக்கும் வரிசை தலைகீழாகும்) முதல் பிக் உங்களுதுன்னா, அடுத்தது 24, 25. நடுவில் 22 பேர் போயிடுவாங்க. அடுக்கில் டிஃபென்ஸ்மேன் ஒருத்தர்தான் மிச்சம், விங்கர் நிறைய இருக்காங்கன்னா, ரேங்க் இரண்டு மூன்று இடம் கீழே இருந்தாலும் டிஃபென்ஸ்மேனையே எடுங்க.

இரண்டு கோல்கீப்பர்கள் பாதிப் பாதி ஆடும் என்.எச்.எல். அணியிலிருந்து கோல்கீப்பர் எடுத்தால், உங்க லீக்கில் வாரத்துக்கு இத்தனை ஆட்டமாவது கோல்கீப்பர் ஆரம்பத்திலிருந்து ஆடணும்னு குறைந்தபட்ச ஸ்டார்ட் கணக்கு இருந்தா, அது இடிக்கும்.