பதுளை வீதியில் கதை சேர்க்கப் போகிறவர்களுக்கு

எங்கள் கதைக்குழுவின் வேர் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறது. நான் இருப்பது மட்டக்களப்புப் பக்கத்துச் செங்கலடியில். இங்கிருந்து மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஒரே வீதிதான் பதுளைக்கு ஏறுகிறது. தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு அதே வீதியால் கீழே இறங்கி வந்த குடும்பங்களில் என் அம்மாவுடையதும் ஒன்று. அப்படி வந்தவர்களின் கதைகளைச் சேர்க்க மட்டக்களப்பில் இளையவர்கள் சிலர் ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்காக, நாங்கள் செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஆட்களைச் சேருங்கள். ரெக்கோடர், கமெரா எல்லாம் அப்புறம். கேட்க ஒருவர், எழுத ஒருவர் வேண்டும். இவர்களை விட முக்கியமானவர், அந்த வீட்டுக்கு ஏற்கெனவே போய்வரும் ஒருவர். எங்கள் குழுவில் அந்த வேலையைச் செய்கிறவர் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் பிள்ளை பார்த்த ஓர் அக்கா. தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன பிறகு அந்த லயத்து (தோட்ட வரிசை வீட்டு) குழந்தைகள் அவர் மடியில்தான் வளர்ந்தார்கள். அவர் கூட வந்தால் யாரும் "நீங்க யாரு, எதுக்கு வந்தீங்க" என்று கேட்பதில்லை. கதை சொல்கிறவரையும் குழுவில் ஒருவராகவே எழுதுங்கள். "தகவல் தந்தவர்" என்று கடைசிப் பக்கத்தில் ஒதுக்கினால் எனக்குக் கோபம் வரும்.

நேரம் பார்த்துப் போங்கள். தோட்டத்தில் என்றால் பின்னேரம் கொழுந்தை நிறை போட்டு, அடுப்பு மூட்டி, பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு. இங்கே என்றால் வெள்ளாமை வெட்டு நாட்களில் யாரையும் பிடித்து உட்கார வைக்க வேண்டாம்.

கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. "உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்" என்றால் எந்தப் பாட்டியும் "எனக்கு என்ன தெரியும் மகளே" என்று எழும்பிவிடுவார். சின்னதாகக் கேளுங்கள். "அம்மாயி, பெரட்டுக்குப் போற நாள்ல வீட்ல யாரு முதல்ல எழும்புவா?" (பெரட்டு என்றால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டம்.) இப்படிக் கேட்டபோது ஓர் அம்மாயி, தன் தாய் இருட்டோடு எழும்பி ரொட்டி தட்டியதில் தொடங்கினார். படங்குத் துணியை இடுப்பில் கட்டியது, மழையில் அட்டை கடித்தது, நிறை குறைந்த நாளில் அரைநாள் கூலிக்கு அரைப்பேர் போட்டது என்று போய், கூடைக் கயிறு இழுத்து இழுத்துத் தாயின் உச்சியில் முடி நின்றுபோன இடத்தைத் தன் தலையில் தொட்டுக் காட்டினார். நாங்கள் இடையில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நீங்களும் பேசாதீர்கள்.

ஆண்டு கேட்டால் குழம்புவார்கள். அதற்கு ஒரு வழி உண்டு. மலையகத்தில் நடந்ததற்கு மலையகத்து அடையாளங்களை வையுங்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளித் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கினார்கள். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ராமானுஜம் கப்பல் 1984 வரை ஓடியது. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. "மாமா குடும்பம் கப்பலேறின பிறகா? தோட்டத்தை அரசாங்கம் எடுக்க முன்னமா?" என்று கேட்டால் பதில் டக்கென்று வரும். கீழே வந்த பிறகு நடந்தவற்றுக்கு நம்முடைய சூறாவளி இருக்கிறது. 1978 நவம்பர் 23 இரவை மட்டக்களப்பில் வாழ்ந்த யாரும் மறக்கமாட்டார்கள். "சூறாவளி அடிக்கும்போது இந்த வளவில்தான் இருந்தீங்களா?" என்ற ஒரு கேள்வியில் வந்த ஆண்டும் தெரியவரும், அன்றிரவு எங்கே ஒதுங்கினார்கள், யார் கதவைத் திறந்துவிட்டார்கள் என்பதும் வரும்.

பதிவு செய்வது லேசு. ஃபோனை ஃபிளைட் மோடில் போட்டு, மடித்த துவாய் மேல் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வையுங்கள். தகரக் கூரையில் மாரி மழை கொட்டினால் பதிவை விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள்.

எழுதி முடித்ததும் வேறு யாருக்கும் காட்ட முன்னர் சொன்னவரிடமே போய் வாசித்துக் காட்டுங்கள். இதில் அவசரம் கூடாது. பேத்தியை வாசிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. அவர்கள் நிறுத்தச் சொல்லும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காணிக்கு இன்னும் உறுதிப்பத்திரம் இல்லாதவர் அந்த இடத்தில் குடியேறிய விதத்தைச் சொல்லியிருப்பார். அது வெளியே போனால் அவருக்கே வில்லங்கமாகலாம். கலவரத்தில் அடித்தவரின் பெயர், காப்பாற்றிய சிங்கள அயலவரின் பெயர் இரண்டும் வந்திருக்கும். எதை வைப்பது, எதை மாற்றுவது என்பது அவர் முடிவு. கதை முழுவதையும் எடுத்துவிடச் சொன்னாலும் எடுத்துவிடுங்கள், சமாதானம் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

பிரதி மூன்று வையுங்கள். ஒன்று குழுவிடம், ஒன்று அவர் பிறந்த தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரரிடம், ஒன்று அவர் பிள்ளைகளிடம். பிள்ளைகளுக்குக் குரலையும் சேர்த்து மெமரி கார்டில் போட்டுக் கொடுங்கள்.