குழந்தைக்கான அரசு உதவி பாதியில் அறுந்துபோவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அதற்கான அரசு உதவி தொடங்கிவிடுகிறது. கல்லூரி வரைக்கும் ஏதோ ஒரு வடிவில் தொடர்கிறது. ஆனால் அது மிகவும் தேவைப்படுகிற வீடுகளில்தான் பாதியில் அறுந்துபோகிறது. அக்கம்பக்கத்தாருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவருகிறேன். தகுதி இல்லாமல் இழந்தவர்களைவிட, நாள் தவறி இழந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அது மனதை அறுக்கிறது.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, மகளை ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றினார். குழுக் கடன் வாங்கித்தான் கட்டணம் கட்டினார். இரண்டு வருடத்தில் கட்ட முடியாமல் போய், பிள்ளை மறுபடியும் அரசுப் பள்ளிக்கே வந்தது. கல்லூரியில் சேர்ந்தபோதுதான் தெரிந்தது, புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் அவளுக்குக் கிடையாது. 2022இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கும், பையன்களுக்காக 2024இல் வந்த தமிழ்ப் புதல்வனுக்கும் முக்கியமான நிபந்தனை ஒன்றே: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இதில் சேர்த்தி. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத இடமும் இதே 6 முதல் 12 கணக்கைத்தான் பார்க்கிறது, ஆனால் அதில் உதவிபெறும் பள்ளிகள் சேராது. நடுவில் இரண்டு வருடம் மாறினாலும் அந்தக் கணக்கு உடைந்துவிடும். பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்பது பெற்றோர் முடிவு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் கடன் வாங்கி மாற்றுவதற்கு முன், கைவிட்டுப் போவது என்ன என்று தெரிந்துகொண்டு மாற்றுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, அப்புறம் 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குத் தகுதி இருக்கிறது. ஆனால் அந்த 25 சதவீத இடம் எல்கேஜி, ஒன்றாம் வகுப்பு போன்ற நுழைவு வகுப்பில் மட்டும்தான். மூன்றாம் வகுப்பில் போய்க் கேட்டால் கிடைக்காது.

பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் 1992லிருந்து இருக்கிறது. ஒரே பெண் குழந்தை என்றால் 50,000 ரூபாய், இரண்டும் பெண் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாய் அரசு வைப்பாகப் போடும். 18 வயதில் வட்டியோடு வரும். மூன்று வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட சான்று, ஆண் வாரிசு இல்லை என்ற சான்று, வருமானச் சான்று எல்லாம் வேண்டும். இவற்றுக்கே பல மாதம் அலைய நேரும், அதனால் இரண்டு வயதிலேயே தொடங்கிவிடுங்கள். பெண் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்தால்தான் பணம் கைக்கு வரும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

கர்ப்பமானது தெரிந்ததும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் எனப்படும் கர்ப்பப் பதிவு எண்ணை வாங்குங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியின் 18,000 ரூபாய்க்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்தான் ஆதாரம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவது கட்டணமில்லாதது. பெயரையும் ஒரு வருடத்துக்குள் சேர்த்துவிடுங்கள். ஆதார், ரேஷன் அட்டை, பள்ளி மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே முதலெழுத்து இருக்க வேண்டும். 'கே' ஒன்றில், 'கா' இன்னொன்றில் என்று இருந்ததால் விண்ணப்பம் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பணம் வங்கிக்கு வந்துவிட்டது என்று குறுஞ்செய்தி வரும், கணக்கில் காணோம். பெரும்பாலும் இரண்டு காரணம். ஆதார் எண் வைத்து அனுப்பப்படும் தொகை, ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்கே போகும். நீங்கள் மறந்துபோன பழைய கணக்கு ஒன்றில் அது கிடக்கும். இரண்டாவது, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி பிடித்துக்கொள்வது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை முதல் முறை வந்தபோதே இந்தப் புகார் பரவலாக எழுந்தது. ஜன்தன் போன்ற இருப்பு தேவையில்லாத கணக்கைத் திறந்து, ஆதாரை அதோடு இணைத்துவிடுங்கள்.

கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டையை வாங்கி வைத்துவிட்டுப் புதுப்பிக்காமல் விடுவதும் இதே வகைதான். பதிவு காலாவதியானால் பிள்ளையின் கல்வி உதவியும் நின்றுபோகும்.

கடைசியாக, சொல்லவே கஷ்டமாக இருக்கும் விஷயம். அப்பா இறந்துபோனதும் பிள்ளையை வேலைக்கு அனுப்பும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. "அம்மா இருக்கிறாளே, அநாதைக்குத்தானே உதவி" என்று நினைத்துக் கேட்காமலே விடுகிறார்கள். அது தவறு. கணவரை இழந்த, வருமானம் குறைந்த தாயின் பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை கேட்கலாம். இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் சிறையிலோ தீராத நோயிலோ இருக்கும் பிள்ளைகளுக்கும் 2025இல் வந்த அன்புக் கரங்கள் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் இடம் சொல்வார்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்தாலும் போதும். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த வாரத்திலேயே போங்கள், பிள்ளை பள்ளியிலிருந்து நின்ற பிறகு அல்ல.