ஆர்ம் சப்போர்ட் பொருத்துவது எப்படி? கையால் சோறு சாப்பிடும் நம்மவர்களுக்கான செய்முறை

தோளும் மேல்கையும் தளர்ந்துபோய், விரல்களில் மட்டும் இன்னும் பிடிப்பு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆர்ம் சப்போர்ட் என்பது வீல்சேரில் பொருத்தி, கையின் எடையைத் தாங்கும் கருவி. டுஷேன் தசைச்சிதைவு, எஸ்.எம்.ஏ. (முதுகுத்தண்டு நரம்பணுக்கள் கெட்டுத் தசை மெலியும் நோய்), லிம்ப் கர்டில் (தோள், இடுப்புத் தசைச்சிதைவு) போன்ற நோய்களில் பெரும்பாலும் உடம்பை ஒட்டிய தசைகள்தான் முதலில் பலமிழக்கும். கைப்பேசியில் தட்ட முடியும், பேனாவைப் பிடிக்க முடியும், வாய்வரை கையைத் தூக்க முடியாது. ஒரு முழுக் கையின் எடை உடல் எடையில் ஏறக்குறைய 5 விழுக்காடு. 50 கிலோ உள்ளவருக்கு அது இரண்டரைக் கிலோ. அந்தச் சுமையை ஸ்பிரிங்கோ ரப்பர் பேண்டோ ஏற்றுக்கொண்டால், மிச்சமிருக்கும் பலமே சோற்றை வாய்க்குக் கொண்டுபோகப் போதும்.

என் தம்பிக்கு டுஷேன். கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அவனுடைய வீல்சேரில் இதைப் பொருத்தி, இப்போது அவனே சாப்பிடுகிறான். நட்டு முடுக்குவதெல்லாம் கையேட்டுப் படத்தைப் பார்த்தாலே புரியும். கையேட்டில் இல்லாததைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

மேசை முன் உட்காரவைத்து, அவர் முன்கைக்கு அடியில் உங்கள் உள்ளங்கையைக் கொடுங்கள். எடையை மட்டும் தாங்குங்கள், தள்ளிவிடாதீர்கள். "இப்ப வாய்க்குக் கொண்டு போ" என்று சொல்லிப் பாருங்கள். கை தானாகப் போனால் ஸ்பிரிங் அல்லது ரப்பர் பேண்ட் வகை உதவும். போகவில்லை என்றால் மோட்டார் வகையைப் பற்றித்தான் பேச வேண்டும், ஸ்பிரிங் வகைக்குக் காசு செலவழிக்காதீர்கள். இந்தச் சோதனையை ஓ.டி. (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) முன்னால் செய்வது நல்லது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையிலும் ஓ.டி. பிரிவு இருக்கிறது.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழையது, பேரிங் வைத்த சுழல் தண்டில் ஒரு தொட்டி; முன்கை அதில் கிடக்கும். போலியோ காலத்திலிருந்தே இருக்கிறது. அடுத்தது, ரப்பர் பேண்ட் இழுவிசையில் கையை மிதக்கவிடுவது. அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில் தாரிக் ரஹ்மானின் குழு உருவாக்கிய ரெக்ஸ் இந்த வகை. மூன்றாவது மோட்டார். எனக்கு ரப்பர் பேண்ட் வகைதான் பிடிக்கும்: சார்ஜ் தேவையில்லை, கெட்டுப்போனால் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

உட்காரும் நிலை

இடுப்பு சீட்டின் பின்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும், உடம்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. சாய்ந்தால் பக்கவாட்டு மெத்தையைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

ரசமட்டம் பார்ப்பது

எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான். படுக்கையறையில் தம்பியின் கை அழகாக நின்றது. கூடத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் வெளிப்பக்கமாக ஓடிவிடும், இழுத்துக் கொண்டுவர அவனிடம் பலமில்லை. எல்லா நட்டையும் திரும்பத் திரும்ப முடுக்கினோம், பயனில்லை. காரணம் கருவியில் இல்லை, தரையில் இருந்தது. கழுவிவிடும் தண்ணீர் ஓடுவதற்காகப் பால்கனிப் பக்கம் தரையைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத சரிவு. ஆனால் சுழல் மூட்டில் இருக்கும் பேரிங்குக்கு அது போதும். தண்டு நேராக நிற்காவிட்டால் கை தாழ்ந்த பக்கத்துக்குப் போய்விடும்.

ஆகவே சுழல் மூட்டின் மேல் சின்ன ரசமட்டத்தை (குமிழி நடுவில் நின்றால் மட்டம் என்று காட்டும் கருவி) வைத்து, முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். ஆள் உட்கார்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். காலி நாற்காலியில் பார்த்த மட்டம், ஆள் உட்கார்ந்ததும் டயரும் மெத்தையும் அமுங்கி மாறிவிடும். கைப்பேசி ஆப் வேண்டாம். பின்பக்கக் கேமரா துருத்திக்கொண்டிருப்பதால் அது மட்டமாக உட்காராது. ஹார்ட்வேர் கடையில் உள்ளங்கை அளவு ரசமட்டம் மலிவாகக் கிடைக்கும். சரியான நிலை கிடைத்ததும் தண்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். மார்க்கர் கோடு வியர்வையில் போய்விடுகிறது.

வெளியே போகும்போது தரையை நம்மால் மாற்ற முடியாது. ஐந்தடிப் பாதையில் (கடைமுன் நடைபாதையில்) மேசை போட்டிருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் வீல்சேரைத் திருப்பி நிறுத்துங்கள். வலக்கையால் சாப்பிடுபவருக்கு இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கட்டும். கை உள்பக்கமாக வரும், அது வாய்க்குப் போக உதவியாகவே இருக்கும்.

தொட்டி எங்கே முடிய வேண்டும்?

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கருவியோடு வரும் அறிவுரை எல்லாம் கரண்டியை மனதில் வைத்தது. கரண்டிக்கு மணிக்கட்டு அசையாமல் இருந்தால் நல்லது, அதனால் தொட்டியை மணிக்கட்டு தாண்டி நீட்டிவிடுவார்கள். ஆனால் சோற்றைப் பிசைந்து, உருட்டி, வாயில் போட முன்கை திரும்ப வேண்டும், மணிக்கட்டு மடங்க வேண்டும். "கரண்டியில் சாப்பிட்டால் போதாதா" என்று எங்களிடமும் கேட்டார்கள். போதாது. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் எல்லோரும் கையால் சாப்பிடும்போது அவனும் அப்படித்தான் சாப்பிட ஆசைப்படுகிறான். அந்த ஆசைக்கு ஏற்றபடி கருவியைத் திருத்தலாம்.

தொட்டியின் முனை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரற்கடை முன்பே முடியட்டும். வெல்க்ரோ பட்டை மணிக்கட்டுப் பக்கம் வேண்டாம், முழங்கைப் பக்கம் ஒன்று, தளர்வாக. முழங்கை முனையின் உள்பக்கம் நரம்பு ஓடுகிறது. அங்கே அழுத்தினால் சுண்டுவிரல் மரத்துப்போகும், ஆகவே அந்த இடத்தில் தொட்டி திறந்திருக்க வேண்டும். உள்ளே பருத்தித் துண்டு விரியுங்கள். நம் ஊர் வெக்கையில் வெறும் பிளாஸ்டிக்கில் தோல் வெந்துவிடும். கழற்றி அரை மணி நேரம் ஆகியும் சிவப்புத் தடம் மறையவில்லை என்றால் தொட்டியை மாற்ற வேண்டும்.

இலையையோ தட்டையோ ஒரு சின்ன பெட்டி மேல் உயர்த்தி வைத்தால் கை பயணிக்கும் தூரம் குறையும். பேரிங் தொட்டி வகை என்றால், தாங்கும் புள்ளியை விரல் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். முழங்கைப் பக்கம் கனத்து, கை தானாக மேலெழும். விரற்கடை அளவு நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

ரப்பர் பேண்ட் எத்தனை?

குறைவாகத் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். கை நெஞ்சு உயரத்தில் மிதந்தால் நிறுத்த வேண்டும் என்று தோன்றும். அதிலிருந்து ஒன்றைக் கழற்றிவிடுங்கள். "அக்கா, கை மேலேயே நிக்குது, இறங்க மாட்டேங்குது" என்றான் தம்பி. தூக்கும் தசை மட்டுமல்ல, கீழே இறக்கும் தசையும் தளர்ந்துதானே இருக்கிறது? முகத்தருகே மாட்டிக்கொண்ட கையை அவனால் இறக்க முடியாது. விட்டால் மெதுவாக மேசைக்கு இறங்கும் அளவே சரியான அளவு. மைலோ குவளை தூக்க ஒரு பேண்ட் கூடுதலாக மாட்டி, குடித்ததும் கழற்றிவிடுகிறோம். குவளை பாதிதான் இருக்கட்டும், ஸ்ட்ரா வையுங்கள்.

முதல் சில நாட்கள் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் போதும். கை களைத்துவிட்டால் மீதியை ஊட்டிவிடுங்கள். இது உடற்பயிற்சி இல்லை.

வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தது

பின்னால் சாயும் வீல்சேர் வைத்திருக்கும் ஓர் அம்மா, சாய்க்கும்போது மகனின் கை முகத்தை நோக்கி விழுகிறது என்று எழுதியிருந்தார். சாய்ப்பதற்கு முன் தொட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துவிடுங்கள். தண்டை உள்பக்கம் மடக்கிப் பட்டையால் கட்டுங்கள். எல்.ஆர்.டி. ரயிலில் ஏறும்போதும் லிப்டில் நுழையும்போதும் இதேதான்; நீட்டிக்கொண்டிருந்தால் கதவில் இடிக்கும்.

ரப்பர் பேண்ட் அறுந்துபோவதாக இன்னொருவர் எழுதியிருந்தார். வெயிலும் வியர்வையும் ரப்பரைக் கெடுத்துவிடும். வெடிப்புக் கோடு தெரிந்தால் அறும்வரை காத்திருக்காமல் மொத்த செட்டையும் மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் இழுவிசை ஒத்துவராது.

பணத்தைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஓகேயு அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) உள்ள, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சமூகநல இலாகாவின் துணைக்கருவி உதவித்தொகை உண்டு. அரசு மருத்துவமனைப் பரிந்துரையோடு, வாங்குவதற்கு முன்பே போய்க் கேளுங்கள். வருமான வரியில் மாற்றுத்திறனாளிக்கான அடிப்படைத் துணைக்கருவிக்கு 6,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கழிவு இருக்கிறது. தனக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைக்கு, பெற்றோருக்கு வாங்கினால்தான் அது கிடைக்கும். அக்கா தம்பிக்கு வாங்கினால் கிடைக்காது. அப்பா வரி கட்டுபவர் என்றால் அவரே வாங்கட்டும், ரசீதும் அவர் பெயரில் இருக்கட்டும்.