செம்பனையில் அடித்தண்டு அழுகல்: நோயைப் பரப்பிவிடும் தவறுகள்

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களை மிக அதிகமாக வாட்டும் நோய் அடித்தண்டு அழுகல். கானோடெர்மா போனினென்ஸ் என்ற பூஞ்சைதான் காரணம். மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையே இது சிதைத்துவிடும். முழுதாகக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. அதனால் பரவாமல் தடுப்பதுதான் முக்கியம். கோட்டை விடுவதும் அங்கேதான்.

பெரிய தவறு மறுநடவில் நடக்கிறது. சுமார் 25 வருடம் காய்த்த மரத்தைச் சாய்த்து, தண்டை அப்புறப்படுத்தியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். மண்ணுக்குள் கிடக்கும் தூரிலும் வேரிலும் பூஞ்சை உயிரோடு இருக்கிறது. புதுக் கன்றின் வேர் அந்தக் கட்டையில் பட்டால் தொற்றிக்கொள்ளும். தூரை வேரோடு தோண்டியெடுத்து, மெல்லிய துண்டுகளாகச் சீவிப் பரப்பி, காய்ந்து மக்க விட வேண்டும். செலவு பிடிக்கும்தான். ஆனால் இதில் மிச்சம் பிடித்தால் அடுத்து நடும் மரங்கள் இளம் வயதிலேயே விழும். ஆரம்பத்தில் வயதான மரங்களின் நோயாக அறியப்பட்டது, மறுநடவு தொடரத் தொடர இளம் மரங்களுக்கும் வந்தது இப்படித்தான். பழைய மரங்களுக்கு விஷம் ஏற்றி, அவை நிற்கும்போதே நடுவில் கன்று வைக்கும் முறையைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். முன்பு தென்னை இருந்த நிலத்திலும் இதே கவனம் வேண்டும். பீட் எனப்படும் சதுப்பு மண்ணில் இந்த நோய் வராது என்ற பழைய நம்பிக்கையும் பொய்த்துப்போனது.

அடுத்தது, இலை சொல்லும்வரை காத்திருப்பது. குருத்துகள் விரியாமல் நிற்கும், கீழ்மட்டைகள் பாவாடைபோல் தொங்கும். வளர்ந்த மரத்தில் இவை தெரியும்போது அடித்தண்டில் பாதி உள்ளே அழுகியிருக்கும். வறட்சியிலும் குருத்து விரியாது என்பதால், தண்ணீர்க் குறை என்று நினைத்து மாதங்களைக் கடத்திவிடுவதும் உண்டு. அண்ணாந்து பார்ப்பதற்கு முன் குனிந்து தூரைப் பாருங்கள். வெள்ளை மொட்டாகத் தொடங்கி, வெள்ளை விளிம்போடு பளபளக்கும் பழுப்புக் காளான் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

அந்தக் காளானைத் தட்டி அங்கேயே போட்டுவிட்டுப் போகக் கூடாது. அதன் வித்துகள் காற்றில் பறந்தும் நோயைப் பரப்பும். மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டினால் போதும் என்று இருப்பதும் சரியில்லை. ஆழம் போதாவிட்டால் வேர் அடியில் புகுந்துவிடும், பள்ளமும் நாளடைவில் தூர்ந்துவிடும்.

அப்புறம், ஹெக்ஸாகோனசோல் மருந்தைத் தண்டில் ஏற்றுவதும் தூரில் மண் அணைப்பதும் மரத்தின் ஆயுளைக் கொஞ்சம் நீட்டித்து, இன்னும் சில காலம் குலை தரவைக்கும். தொற்று உள்ளேதான் இருக்கும். அந்த மரங்களைக் குறித்துவைத்து, காய்ப்பு நின்றதும் தூரோடு எடுத்துவிடுங்கள்.