டெம்ப்ளேட்டுகளில் தவறாக அடுக்கப்பட்ட எச்டிஎம்எல் டேக்குகளைத் திருத்துவது எப்படி

ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட், ஆங்குலர் என எதில் எழுதினாலும், பக்கத்தைச் சர்வரிலேயே உருவாக்கி அனுப்பத் தொடங்கியதும் கன்சோலில் அடிக்கடி தோன்றும் பிழை ஒன்று உண்டு: பி டேக்குக்குள் டிவ் டேக் வரக் கூடாது, வந்தால் ஹைட்ரேஷன் பிழை ஏற்படும் என்பதே அது. சர்வர் அனுப்பிய எச்டிஎம்எல்லோடு பிரேம்வொர்க் தன் காம்போனென்டுகளைப் பொருத்தி இயங்கவைப்பதைத்தான் ஹைட்ரேஷன் என்கிறோம். உலாவியில் மட்டும் இயங்கிக்கொண்டிருந்த வரை அதே டெம்ப்ளேட் ஒழுங்காகத் தெரிந்திருக்கும் என்பதால், பிரேம்வொர்க் தேவையில்லாமல் கெடுபிடி செய்வதாக எண்ணி எச்சரிக்கையை அடக்கிவிடத் தோன்றும். அடக்குவதற்கு முன், உலாவி அந்த டேக்குகளை எப்படிப் படிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. தெரிந்துகொண்டால் திருத்தம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிகளில் முடிந்துவிடும்.

எச்டிஎம்எல் விதிப்படி பி டேக்கை மூடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திறந்திருக்கும் பத்திக்குள் டிவ், யுஎல், ஃபார்ம், எச்2, அல்லது இன்னொரு பி வந்துவிட்டால், முந்தைய பத்தி அங்கேயே முடிந்ததாகப் பார்சர் (எச்டிஎம்எல்லைப் படித்துப் பக்கமாக்கும் உலாவியின் பகுதி) எடுத்துக்கொள்கிறது. ஆகவே பி டேக்குக்குள் டிவ் டேக்கை வைத்து எழுதினால், பத்தி முதலில் மூடப்படும், டிவ் அதற்கு வெளியே அடுத்ததாக நிற்கும், கடைசியில் ஜோடியின்றி மிஞ்சும் மூடும் டேக்கிலிருந்து வெற்றுப் பத்தி ஒன்று புதிதாக முளைக்கும். நீங்கள் எழுதியது ஒன்றுக்குள் ஒன்று. உலாவியின் கையில் இருப்பது அடுத்தடுத்து நிற்கும் மூன்று. இந்தச் சீரமைப்பு வாட்டிவிஜி (WHATWG) அமைப்பின் எச்டிஎம்எல் தரத்திலேயே படிப்படியாக வரையறுக்கப்பட்டிருப்பதால், எல்லா உலாவிகளும் ஒரே விதமாகத்தான் நடந்துகொள்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் டாமில், அதாவது உலாவி வைத்திருக்கும் உறுப்பு மரத்தில், நேரடியாகக் கணுக்களை உருவாக்கி ஒன்றுக்குள் ஒன்றாகச் சேர்க்கும்போது பார்சருக்கு அங்கே வேலையே இல்லை. பத்திக்குள் டிவ் எந்தத் தடையும் இன்றி உட்கார்ந்துவிடும். சர்வரிலிருந்து வரும் எச்டிஎம்எல்லோ பார்சரைக் கடந்தே ஆக வேண்டும். இப்படி உருவாகும் இரண்டு மரங்களும் பொருந்தாமல் போகும் இடத்தில்தான் ஹைட்ரேஷன் முறிகிறது.

விளைவு சிறியது அன்று. ரியாக்ட் 18-இலிருந்து, பொருத்தம் தவறினால் மிக அருகிலுள்ள சஸ்பென்ஸ் எல்லை (தனியே காத்திருந்து ஏற்றப்படும் பகுதியைச் சுற்றும் காம்போனென்ட்) வரை சர்வர் அனுப்பியதைக் கைவிட்டு, உலாவியில் அந்தப் பகுதி முழுவதும் மறுபடி வரையப்படுகிறது. சஸ்பென்ஸ் எதுவும் இல்லாவிட்டால் பக்கம் முழுவதற்கும் இதே கதிதான். ஸ்வெல்ட் 5 இத்தகைய அடுக்கைக் கம்பைல் செய்யும்போதே மறுத்துவிடுகிறது. டிபாடி இல்லாத அட்டவணை, பி டேக்குக்குள் டிவ், இணைப்புக்குள் இணைப்பு ஆகிய மூன்றையும் ஆங்குலரின் ஹைட்ரேஷன் வழிகாட்டி பெயர் சொல்லியே எச்சரிக்கிறது. ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல் போன்றவற்றில் ஹைட்ரேஷன் இல்லாததால் பிழைச் செய்தி வருவதில்லை. பக்கத்தின் அமைப்பு மட்டும் காரணம் தெரியாமல் குலைந்து கிடக்கும். எச்சரிக்கை வருபவர்கள் ஒரு வகையில் கொடுத்துவைத்தவர்கள் என்றே சொல்வேன்.

பிழையைத் தேடும்போது முதலில் செய்தியை முழுதாகப் படியுங்கள். அதில் தாய் டேக், பிள்ளை டேக் ஆகிய இரண்டின் பெயர்களும், எந்தக் காம்போனென்ட் வழியாக அவை வந்தன என்ற வரிசையும் இருக்கும். அடுத்து, உலாவியில் கண்ட்ரோல் விசையுடன் யூ விசையை அழுத்திப் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து, டெவலப்பர் கருவியின் எலிமென்ட்ஸ் பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூல நிரல் சர்வர் அனுப்பியதை அப்படியே காட்டும்; பலகையோ பார்சர் சீரமைத்த பின்பு, ஜாவாஸ்கிரிப்டும் மாற்றிய பின்பு உள்ளதைக் காட்டும். ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுப் பலகையைப் பார்த்தால் பார்சரின் கைவரிசை மட்டும் தனியே தெரியும். சில உலாவி நீட்டிப்புகளும் டாமில் கை வைத்து இதே போன்ற பிழையை உண்டாக்கும் என்பதால், நீட்டிப்புகள் இல்லாத தனிச் சாளரத்தில் ஒரு முறை சோதித்துவிட்டு மேலே செல்லுங்கள்.

பி டேக் தொடர்பான பிழைக்கு இரண்டு தீர்வுகள் உள்ளன: வெளியிலுள்ள பி டேக்கை டிவ் ஆக்குவது, அல்லது உள்ளேயுள்ள டிவ் டேக்கை ஸ்பேன் ஆக்கி அதற்கு சிஎஸ்எஸ் மூலம் பிளாக் தோற்றம் தருவது. இதற்கு மாறாக, டிவ் டேக்குக்கு இன்லைன் தோற்றம் கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. பார்சர் சிஎஸ்எஸ்ஸைப் பார்ப்பதே இல்லை. உண்மையான சிரமம், அந்த பி டேக் உங்கள் டெம்ப்ளேட்டில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான். எம்யூஐ நூலகத்தின் டைப்போகிராஃபி காம்போனென்ட் இயல்பாகவே பி டேக்கைத்தான் வெளியிடும். காம்போனென்ட் என்ற ப்ராப்பில் (காம்போனென்டுக்கு அனுப்பும் மதிப்பில்) டிவ் என்று கொடுத்தால் அது மாறிவிடும். ரேடிக்ஸ் நூலகத்தின் டயலாக் டிஸ்கிரிப்ஷனும் இயல்பாக பி டேக்கையே வெளியிடும். மார்க்டவுனில் தனி வரியில் உள்ள படம் பி டேக்குக்குள்தான் வரும். அந்தப் படத்தை ஃபிகர் டேக்காக மாற்றும் காம்போனென்டை இணைத்தவுடன் பிழை தொடங்கிவிடும். ஜாங்கோவின் லைன்பிரேக்ஸ் வடிகட்டியும் ரெயில்ஸின் சிம்பிள் ஃபார்மட்டும் தாங்களே பி டேக்குகளை உருவாக்குபவை என்பதால், அவற்றை இன்னொரு பி டேக்குக்குள் அழைக்கக் கூடாது. ஜாங்கோவில் வரி முறிவு மட்டும் போதுமென்றால் லைன்பிரேக்ஸ்பிஆர் இருக்கிறது.

அட்டவணையில் பார்சர் இன்னும் கண்டிப்பானது. டேபிள் டேக்குக்குள் நேரடியாக டிஆர் வந்தால் நடுவில் டிபாடியைத் தானே செருகிவிடும் என்பதால், டிபாடியை எப்போதும் நீங்களே எழுதிவிடுங்கள். டிடி அல்லது டிஎச்சுக்கு வெளியே உரையோ டிவ் டேக்கோ வந்தால், அதை அட்டவணையை விட்டே வெளியேற்றி அதற்கு மேலே வைத்துவிடும். 'பதிவுகள் ஏதும் இல்லை' என்ற செய்தி அட்டவணையின் உள்ளே வராமல் தலைப்பு வரிசைக்கும் மேலே தொங்கினால் காரணம் இதுவே. அதை ஒரு டிஆருக்குள், கோல்ஸ்பேன் கொடுத்த ஒரு டிடிக்குள் வையுங்கள். பல வரிசைகளைச் சேர்த்துத் தருவதற்காக டிவ் டேக்கைச் சுற்ற வேண்டாம். ரியாக்ட்டில் ஃபிராக்மென்ட், வியூவில் டெம்ப்ளேட், ஆங்குலரில் என்ஜி-கன்டெய்னர் ஆகியவை எச்டிஎம்எல்லில் தடம் விடாமல் அந்த வேலையைச் செய்யும். ஆங்குலரில் வரிசைக்கென ஒரு காம்போனென்ட் எழுதினால், தனி டேக்காக எழுதாமல் டிஆர் டேக்கின் அட்ரிபியூட்டாகப் பொருந்தும் செலக்டரைக் கொடுங்கள்.

இணைப்புக்குள் இணைப்பு பெரும்பாலும் கார்டு வடிவமைப்பில் நேர்கிறது. கார்டு முழுவதையும் ஓர் ஏ டேக்கால் சுற்றிவிட்டு, உள்ளே ஆசிரியர் பெயருக்கு இன்னொரு ஏ டேக் வைத்தால், இரண்டாவது வந்த இடத்தில் முதலாவது மூடப்படும். தலைப்பில் மட்டும் இணைப்பை வைத்து, அதன் ஆஃப்டர் போலி உறுப்பை அப்சல்யூட் நிலையில் கார்டு முழுவதும் பரவவிட்டு, உள்ளிருக்கும் மற்ற இணைப்புகளை ஜெட்-இன்டெக்ஸ் கொண்டு அதற்கு மேலே உயர்த்துவதே நான் பரிந்துரைக்கும் முறை. ரியாக்ட் சார்ந்த நெக்ஸ்ட்.ஜேஎஸ் பிரேம்வொர்க்கின் 13-ஆம் பதிப்பிலிருந்து லிங்க் காம்போனென்ட் தானே ஏ டேக்கை வெளியிடுவதால், பழைய நிரலில் அதற்குள் எழுதிய ஏ டேக்கை நீக்க வேண்டும். பொத்தானுக்குள் பொத்தானும் இதே கதைதான். ரேடிக்ஸின் ட்ரிகர் காம்போனென்டுகளுக்குள் உங்கள் சொந்தப் பொத்தானை வைக்கும்போது ஆஸ்சைல்டு என்ற ப்ராப்பைச் சேர்த்தால் ஒரே பொத்தான்தான் வெளிவரும்.

ஃபார்முக்குள் ஃபார்ம் வைப்பதுதான் இவற்றில் அபாயம் மிகுந்தது. உள் ஃபார்மின் திறக்கும் டேக்கைப் பார்சர் புறக்கணித்துவிடுவதால், திருத்தும் ஃபார்முக்குள் வைத்த 'நீக்கு' பொத்தான் வெளி ஃபார்மையே அனுப்பிவிடும். உள் ஃபார்மின் மூடும் டேக்கோ வெளி ஃபார்மை முன்கூட்டியே மூடிவிடும். நீக்குவதற்கான ஃபார்மைத் தனியே, திருத்தும் ஃபார்முக்கு வெளியே வைத்து அதற்கு ஓர் ஐடி கொடுங்கள். பொத்தான் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதன் ஃபார்ம் அட்ரிபியூட்டில் அந்த ஐடியைக் குறிப்பிட்டால் போதும். போர்ட்டல் (காம்போனென்டை டாமில் வேறோர் இடத்தில் வரையும் வசதி) மூலம் ஃபார்மை வெளியே எடுத்தால் டாமில் பிரச்சினை தீரும் என்றாலும், ரியாக்ட்டில் சப்மிட் நிகழ்வு காம்போனென்ட் மரத்தின் வழியே மேலேறித் தாய் ஃபார்மின் ஹேண்ட்லரையும் தொடும் என்பதை நினைவில் வையுங்கள்.

எச்2 டேக்குக்குள் டிவ், யுஎல் டேக்குக்குள் நேரடியாக டிவ், ஏ டேக்குக்குள் பொத்தான் ஆகியவற்றைப் பார்சர் மாற்றாமல் விட்டுவிடுவதால் ஹைட்ரேஷன் முறியாது; அதனாலேயே இவை ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடக்கின்றன. திரை வாசிப்பானையும் விசைப்பலகையையும் நம்பியிருப்பவர்களுக்கு இவை உண்மையான இடர்ப்பாடு தருபவை. பார்சர் மாற்றிவிடும் வகையை முடித்தபின் இவற்றையும் திருத்துங்கள்.

ரியாக்ட்டில் சப்ரஸ்-ஹைட்ரேஷன்-வார்னிங் இங்கே உதவாது. அது ஓர் உறுப்பின் உரையிலும் அட்ரிபியூட்டுகளிலும் உள்ள வேறுபாட்டை மட்டுமே பொறுத்துக்கொள்ளும். திருத்திய பின், டெம்ப்ளேட் கோப்பைச் சோதிப்பதைவிட, சர்வர் வெளியிடும் இறுதி எச்டிஎம்எல்லை டபிள்யூ3சி-யின் நு எச்டிஎம்எல் செக்கரில் கொடுத்துச் சோதியுங்கள். காம்போனென்ட் எல்லைகளைத் தாண்டி உருவாகும் தவறான அடுக்கு அந்த வெளியீட்டில்தான் தெரியும். அதே செக்கரைக் கணினியில் நிறுவி, ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் முக்கியப் பக்கங்களின் மேல் தானாக ஓடும்படி அமைத்துவிடலாம்.