கண் முதலில், மூளை அப்புறம்: ரோபோவுக்குக் கேமரா பூட்டும்போது வரும் தவறுகள்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேருடன் ரோபோ செய்துகொண்டிருக்கிறேன். போன வருடம் ஒரு தம்பி பெட்டியும் கையுமாக வந்து நின்றான்.

"சார், ஜெட்சன் நேனோ வாங்கிட்டேன். செகண்ட் ஹேண்டு, நல்ல விலை."

"உன் ரோபோ எதைப் பார்க்கணும்?"

"அதை இனிமேதான் யோசிக்கணும் சார்."

நான் பார்த்தவரை பாதிக்குமேல் தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. முதலில் போர்டு (ஜெட்சன் நேனோ, ராஸ்பெர்ரி பை மாதிரி ரோபோவுக்கு மூளையாகும் சின்னக் கணினி), பிறகு அதற்குக் கிடைத்த கேமரா, கடைசியில் வேலை. வரிசையைத் திருப்பிப் போட்டால் பணமும் மிச்சம், தலைவலியும் மிச்சம்.

அவன் குழுவுக்குக் கடைசியில் முடிவான வேலை, தரையில் கிடக்கும் பிங்பாங் பந்தைத் தேடி எடுப்பது. பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர். ராஸ்பெர்ரி பை கேமரா மாட்யூல் 2-இன் பார்வை அகலம் சுமார் 62 பாகை. இரண்டு மீட்டர் தூரத்தில் அது கிட்டத்தட்ட 2.4 மீட்டர் அகலத்தைப் பார்க்கும். படம் 640 பிக்சல் அகலம் என்றால் பந்துக்குக் கிடைப்பது பத்துப் பதினொரு பிக்சல்தான். "வைட் லென்ஸ் போட்டால் நிறைய தெரியும்" என்று 102 பாகை கேமராவுக்கு மாறினால் அதே பந்து ஐந்து பிக்சலாகச் சுருங்கிவிடும். ஐந்து பிக்சலை வைத்து எந்த ஏஐ மாடலும் பந்து என்று அடித்துச் சொல்லாது. கேமரா 12 மெகாபிக்சல் என்று பெருமைப்பட்டும் பயனில்லை. பொருளைக் கண்டுபிடிக்கும் மாடல்கள் பல, படத்தை 640 பிக்சலுக்குச் சுருக்கித்தான் உள்ளே எடுத்துக்கொள்கின்றன. இந்தக் கணக்குக்கு ஒரு தாளும் ஐந்து நிமிடமும் போதும். சாமான் வாங்க ஜாலான் பாசாருக்கோ லோயாட்டுக்கோ கிளம்புவதற்கு முன்னால் போட்டுவிடுங்கள்.

அடுத்தது, பொருந்துவது வேறு, வேலை செய்வது வேறு. தம்பி புதிது என்று கேமரா மாட்யூல் 3 வாங்கியிருந்தான். அதன் 15 முனை ரிப்பன் கேபிள் ஜெட்சன் நேனோவில் கச்சிதமாகச் செருகிக்கொள்ளும். படம் மட்டும் வராது, ஏனென்றால் அதிலுள்ள ஐஎம்எக்ஸ்708 சென்சாருக்கான டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) ஜெட்சனோடு வருவதில்லை. பழைய மாட்யூல் 2-இல் இருக்கும் ஐஎம்எக்ஸ்219 உடனே வேலை செய்யும். ராஸ்பெர்ரி பை 5-இல் கதை தலைகீழ்: அதே மாட்யூல் 3 அருமையாக ஓடும், ஆனால் பெட்டியில் வந்த கேபிள் செருகாது. பை 5-இல் இருப்பது 22 முனை கொண்ட சின்ன வாய். 22-இலிருந்து 15-க்கு மாறும் கேபிளைத் தனியாக வாங்க வேண்டும். பழைய நேனோவுக்கு இன்னொரு குறையும் உண்டு. அது 2019-இல் வந்தது. அதன் மென்பொருள் உபுண்டு 18.04-லேயே நின்றுவிட்டது. இன்றைய மென்பொருள் நூலகங்களை அதில் ஏற்றுவதற்குள் உயிர் போய்விடும். "நல்ல விலை" என்றானே, அந்த விலைக்குக் காரணம் இதுதான்.

இனி மின்சாரம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மின்சாரக் கோளாறு எப்போதும் கோடிங் கோளாறு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டுதான் வரும். இன்னொரு குழுவின் ரோபோ மேசைமேல் ஒழுங்காகப் பார்க்கும். சக்கரம் சுழன்றதும் படம் உறைந்துவிடும். இரண்டு வாரம் நிரலை மாற்றி மாற்றி எழுதினார்கள். மீட்டரை வைத்துப் பார்த்தபோது தெரிந்தது: ஒரே பேட்டரியிலிருந்து மோட்டாருக்கும் பை 5-க்கும் மின்சாரம் போகிறது, அதுவும் பையின் 5 வோல்ட் முனைக்கு மெல்லிய ஜம்பர் வயர் வழியாக. அந்த 28 கேஜ் வயர் போக 20, வர 20 சென்டிமீட்டர் என்றாலே 3 ஆம்பியரில் கால் வோல்ட்டைத் தின்றுவிடும். செருகும் முனைகள் தம் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். மோட்டார் கிளம்பும் நொடியில் பேட்டரியே தாழும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் மின்னழுத்தம் போதவில்லை என்று பை முணுமுணுக்கத் தொடங்கும். திரை இல்லாத ரோபோவில் அந்த முணுமுணுப்பு யார் காதில் விழும்? த்ராட்டில் நிலையை, அதாவது மின்சாரம் போதாமல் பை வேகத்தைக் குறைத்ததா என்பதை, கேட்கும் கட்டளையை ஓடவிட்டுப் பாருங்கள். பதில் சுழியமாக இல்லாமல் 50005 என்று வந்தால் நிரலை மூடிவிட்டு வயரைப் பாருங்கள்.

நாங்கள் செய்த மாற்றம் பெரிதல்ல. பைக்கென்று பேட்டரி வோல்ட்டைக் குறைத்துத் தரும், 5 ஆம்பியர் தாங்கும் தனி பக் கன்வெர்ட்டர், 5.1 வோல்ட்டுக்குத் திருகி வைத்தது, தடித்த 18 கேஜ் வயர், மோட்டாரின் கிரவுண்டும் பையின் கிரவுண்டும் ஒரே இடத்தில் சந்திப்பு. வோல்ட்டை அளந்தது பையின் முனையில், சக்கரம் ஓடும்போது. கன்வெர்ட்டரின் வாயில் அளந்து திருப்திப்பட்டால் வயர் தின்ற கணக்கு விட்டுப்போகும். இன்னொன்று: அந்த 5 வோல்ட் முனைக்கு முன்னால் காவல் எதுவும் இல்லை. பிளஸ் மைனஸ் மாறினால் போர்டு போனது போனதுதான். யூஎஸ்பி வெப்கேம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 5 ஆம்பியர் தரும் அடாப்டர் என்று உறுதியாகாதவரை பை 5 தன் யூஎஸ்பி வாய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லியாம்பியர்தான் கொடுக்கும். இரண்டாவது கேமரா காரணமில்லாமல் காணாமல் போகிறதென்றால் இதைச் சந்தேகப்படுங்கள்.

ரிப்பன் கேபிளை மின்சாரம் இருக்கும்போது செருகாதீர்கள், மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், சர்வோ மோட்டாரோடு சேர்ந்து மடங்கி மடங்கி ஆடவும் விடாதீர்கள்.

வெளிச்சத்துக்கு வருவோம். வீட்டில் ஆரஞ்சு நிறப் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்த ரோபோ, போட்டி மண்டபத்தில் ஜன்னலோரம் போனதும் குருடானது. கேமரா தானாகவே வெள்ளைச் சமநிலையையும் (வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்வது) எக்ஸ்போஷரையும் (ஒரு படத்துக்கு வெளிச்சம் வாங்கும் நேரம்) மாற்றிக்கொண்டிருந்ததுதான் காரணம். அங்கே போனதும் இரண்டையும் ஒருமுறை சரிசெய்து பூட்டிவிட வேண்டும். மாட்யூல் 3 என்றால் ஆட்டோஃபோகஸையும் பூட்டுங்கள். ஆடும் வண்டியில் அது முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும்.

எக்ஸ்போஷரை எவ்வளவில் பூட்டுவது? ரோபோ நொடிக்கு 90 பாகை திரும்புகிறது, எக்ஸ்போஷர் 1/30 நொடி என்று வையுங்கள். ஒரு பாகைக்குச் சுமார் பத்துப் பிக்சல் என்ற கணக்கில் படம் 30 பிக்சல் இழுபடும். நம் பந்தே பத்துப் பிக்சல்தானே! 1/200-க்குக் குறைத்தால் இழுவை ஐந்து பிக்சலுக்குள் அடங்கும். ஆனால் நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும். 1/100-ஐவிடக் குறைந்தால் அந்த மினுக்கல் படத்தில் கறுப்புப் பட்டையாக ஓடும். தப்பிக்கும் வழி, ரோபோவின் நெற்றியிலேயே டிசியில் (பேட்டரி மின்சாரத்தில்) மினுக்காமல் எரியும் எல்இடி விளக்கைப் பூட்டிக்கொள்வது. படம் முழுவதையும் ஒரே கணத்தில் பிடிக்கும், விலை கூடிய குளோபல் ஷட்டர் கேமராவுக்குத் தாவுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். குளோபல் ஷட்டர் படம் சாய்ந்து நெளிவதைத்தான் தடுக்கும், இழுபடுவதை அல்ல.

நம் ஊர் வெயிலில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் பை 5-ஐ விசிறி இல்லாமல் வைத்தால் 80 டிகிரியைத் தொட்டதும் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஜெட்சன் தம்பியின் கதைக்கு ஒரு மிச்சம் இருக்கிறது. மாட்யூல் 2-க்கு மாறியும் ரோபோ பந்தைத் தாண்டித் தாண்டிப் போனது. கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டுக் கேமராவின் முன் வைக்கச் சொன்னேன். அந்தக் கைப்பேசியும் கேமராவின் படம் ஓடும் மானிட்டரும் ஒரே படத்தில் விழும்படி இன்னொரு கைப்பேசியால் எடுத்தோம். இரண்டு எண்களுக்கும் இடைவெளி 0.31 நொடி. நொடிக்கு அரை மீட்டர் ஓடும் வண்டி, 15 சென்டிமீட்டர் பழைய காட்சியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது. வரிசையில் காத்திருந்த பழைய படங்களைத் தூக்கி எறிந்துவிட்டுக் கடைசிப் படத்தை மட்டும் படிக்கும்படி நிரலை மாற்றினான். மறுபடி அளந்தபோது 0.12.

"புது போர்டு வாங்கலாம்னு இருந்தேன் சார்" என்றான்.