துருப்பிடித்து இறுகிய ஹிட்ச்சைக் கழற்றி மாட்டுவது எப்படி? பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு

சென்ற ஏப்ரலில் காய்கறிப் பாத்திக்கு மண் அடிக்க நண்பரிடம் ஒரு சின்ன டிரெய்லர் இரவல் வாங்கினேன். ஐந்தடிக்கு எட்டடி, ஒற்றை அச்சு. என்னிடம் இருப்பது 2001-ஆம் வருடத்து பிக்கப். பின்னால் டிரெய்லரைப் பூட்டி இழுக்கும் இரும்பு அமைப்பான ஹிட்ச்சும் இருக்கிறது, அதன் நுனியில் குண்டும் இருக்கிறது, மாட்டினால் முடிந்தது என்று நினைத்தேன். டிரெய்லரின் கப்ளரில், அதாவது குண்டின் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும் மூக்குப் பகுதியில், 2 அங்குலம் என்று அச்சிட்டிருந்தது. என் வண்டியில் இருந்த குண்டின் தலையில் 1-7/8. போதாததற்கு டிரெய்லரின் மூக்கு வானத்தைப் பார்த்து நின்றது. சரி, கழற்றி வேறு மாட்டுவோம் என்று குறுக்கே கோத்திருந்த பின்னை உருவிவிட்டு இழுத்தேன். அசையவே இல்லை. முந்தைய உரிமையாளர் அதை மாட்டியதோடு சரி, கழற்றியதே இல்லை போலிருக்கிறது.

நான் இருப்பது மிச்சிகனில். பனிக்காலம் முழுக்க சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கம் இருக்கிறது. உப்புக்கு இங்கே பஞ்சமில்லை. வண்டிக்கு அடியில் இருக்கும் எந்த இரும்பும் அதற்குத் தப்பாது. டெக்சாஸ், அரிசோனா பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கதை புரியாது. ஆனால் படகை ஏரியில் இறக்குகிறவர்களாக இருந்தால் எந்த ஊரிலும் இதே பாடுதான்.

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். வண்டியின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கிய சதுரக் குழாய், ரிசீவர். பெரும்பாலான பிக்கப்களில் அதன் வாய் 2 அங்குலம். அதற்குள் நுழையும் இரும்புக் கட்டைதான் பால் மவுண்ட். அதன் நுனியில் நிற்கும் உருண்டைக்கு ஹிட்ச் பால் என்று பெயர். பால் என்று எழுதினால் எனக்குக் காபி ஞாபகம் வருகிறது, அதனால் குண்டு என்றே எழுதுகிறேன். ரிசீவரையும் மவுண்டையும் குறுக்கே கோத்து நிறுத்துவது பின். இதன் தடிமன் 5/8 அங்குலம். நம்மூர் பட்டறையில் கேட்டால் 5 நூல் என்பார்கள்.

குழாய்க்கும் மவுண்டுக்கும் நடுவில் அரை நூல் இடைவெளி இருந்தாலே அதிகம். இரும்பு துருவாகும்போது முன்பிருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த இடைவெளிக்குள் துரு பருத்து, நாலு பக்கமும் ஆப்பு அடித்ததுபோல இறுக்கிவிடுகிறது. பசையாய் ஒட்டியிருந்தால் இழுத்துப் பிரிக்கலாம். ஆப்பாய் இறுகியதை இழுத்துப் பயனில்லை, அந்தத் துருவை நொறுக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாம் அதற்கான வேலைதான்.

தொடங்கும் முன்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரைப் பார்க்கில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். கண்ணாடி போடாமல் அடியில் படுக்காதீர்கள். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது, பக்கவாட்டையும் மூடுகிற வகை வேண்டும். துருச் செதில் கண்ணை நோக்கித்தான் விழும்.

தேவையானவை: பெனட்ரேட்டிங் ஆயில் என்று போட்ட டப்பா ஒன்று, 4 பவுண்டு சம்மட்டி, கம்பி பிரஷ், உப்புத்தாள், குண்டின் நட்டுக்கு ஏற்ற பெரிய ஸ்பானர், குறித்த அளவுக்கு நட்டை இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், வோல்ட் அளக்க மல்டிமீட்டர். ஸ்பானர் வாங்கும் முன் நட்டை அளந்துவிடுங்கள். குண்டின் தண்டு 1 அங்குலம் என்றால் நட்டு பெரும்பாலும் 1½ அங்குலம் இருக்கும்.

பின்னை எடுப்பது

கிளிப்பை உருவிவிட்டுப் பின்னைக் கையால் திருகிப் பாருங்கள். வராவிட்டால் எண்ணெய் அடித்து, நேர்நுனி உள்ள முனையிலிருந்து ஒரு கம்பியை வைத்துத் தட்டுங்கள். வளைந்த பக்கத்திலிருந்து தட்டினால் பின் இன்னும் உள்ளேதான் போகும். சிரிக்காதீர்கள், அவசரத்தில் நான் அதைத்தான் செய்தேன். பூட்டு வைத்த பின்னாக இருந்து சாவி தொலைந்திருந்தால், கிரைண்டரால் அறுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எண்ணெய் விட்டு, காத்திருப்பது

இந்தக் கட்டத்தில்தான் எல்லோரும் சொதப்புகிறோம். எண்ணெய் அடித்து ஐந்து நிமிடத்தில் சம்மட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். நானும் முதல் நாள் அப்படித்தான் பின்னாலிருந்து குண்டின் மேலேயே ஓங்கி ஓங்கி அடித்தேன். மவுண்ட் துளியும் நகரவில்லை, குண்டில்தான் ஒரு பள்ளம் விழுந்தது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "இன்றைக்கு எண்ணெய் மட்டும் விடு. அடிப்பதை நாளைக்கு வைத்துக்கொள்" என்றார்.

எண்ணெயை மூன்று இடத்தில் விட வேண்டும்: ரிசீவரின் வாயைச் சுற்றி நாலு விளிம்பிலும், பின் இருந்த துளை வழியாக இரண்டு பக்கமும், குழாயின் முன்முனை திறந்திருந்தால் அதன் வழியாகவும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. ஒவ்வொரு முறை விட்டதும் ரிசீவரின் மேலும் பக்கவாட்டிலும் சுத்தியலால் பத்து இருபது தட்டு, ஓங்காமல். அந்த அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். குறைந்தது ஒரு இரவு ஊற வேண்டும். எனக்கு இரண்டு நாள் ஆனது. இரண்டாம் நாள் காலையில் குழாயின் வாயிலிருந்து செம்மண் கரைசல் மாதிரி ஒழுகி, தரையில் விரித்திருந்த அட்டை முழுக்கப் பழுப்பாகிக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கையே வந்தது.

அடிப்பது

முதலில் குண்டைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் மவுண்டின் நீட்டிய பகுதியைப் பக்கவாட்டில் அடியுங்கள். இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் நாலு. பிறகு கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. பல்லை ஆட்டிப் பிடுங்குவதைப் போன்ற வேலை இது. ஆரம்பத்தில் ணங் ணங் என்று கெட்டியாகக் கேட்கும். ஒரு கட்டத்தில் சத்தம் மாறி, தொளதொளவென்று சலங்கை மாதிரி கேட்கும். துரு நொறுங்கிவிட்டது என்று அர்த்தம். மறுபடி எண்ணெய், மறுபடி நாலு பக்கமும். மயிரிழை ஆடினாலும் போதும், அதன்பின் வந்துவிடும்.

ஆடுகிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால் அடுத்த வழி: மாற்று டயர் அடியில் தொங்கினால் அதை இறக்கிவிட்டு, குழாயின் முன்முனை வழியாக ஒரு கனத்த இரும்புத் தடியை நுழைத்து, அதன் மேல் பின்னோக்கி அடியுங்கள். எனக்கு இதில்தான் வந்தது. ஆறாவது அடியிலோ ஏழாவது அடியிலோ மவுண்ட் தரையில் விழுந்து சிமெண்டில் ஒரு சில்லு பெயர்ந்தது. காலை அங்கே வைத்திருக்கவில்லை, நல்லவேளை.

செய்யக் கூடாதவை இரண்டு. குண்டில் சங்கிலியைச் சுற்றி இன்னொரு வண்டியால் வெடுக்கென்று இழுப்பது முதலாவது. குண்டு செய்யப்பட்டது சுமை தாங்க, இந்த மாதிரி உதறலுக்கு அல்ல. அது முறிந்தால் பீரங்கிக் குண்டுதான். இப்படி ஆள் செத்திருக்கிறார்கள். இரண்டாவது, நெருப்பு. வெல்டிங் கடையில் சூடு காட்டிக் கழற்றுவார்கள், உண்மைதான். ஆனால் நீங்கள் இரண்டு நாளாக அங்கே எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள். பெட்ரோல் குழாயும் விளக்கு ஒயரும் பக்கத்திலேயே போகின்றன. சில பழைய பிக்கப்களில் பின் அச்சுக்குப் பின்னால் இரண்டாவது டேங்க்கும் இருக்கும். ஒரு வாரம் முயன்றும் வராவிட்டால் கடைக்கே கொண்டுபோய்விடுங்கள்.

உள்ளே பார்ப்பது

மவுண்ட் வெளியே வந்த சந்தோஷத்தில் இதை விட்டுவிடாதீர்கள். கம்பி பிரஷ்ஷால் குழாயின் உட்புறத்தைத் தேய்த்து, டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் கீறல் தெரிகிறதா? பின் துளை வட்டமாக இருக்கிறதா, இழுபட்டு முட்டை வடிவமாகிவிட்டதா? குழாயின் சுவர் சாதாரணமாகக் கால் அங்குலம், அதாவது 2 நூல் கனம் இருக்கும். சுத்தியல் முனையால் தட்டினால் செதில் செதிலாகப் பெயர்ந்துகொண்டே போனால், அதற்கு எத்தனை பெயிண்ட் அடித்தாலும் பிரயோஜனம் இல்லை. ரிசீவரையே மாற்ற வேண்டும். ரிசீவரை வண்டியோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளையும், அவை உட்காரும் அடிச்சட்டத்தையும் இதே மாதிரி தட்டிப் பாருங்கள். அடிச்சட்டமே பொத்தலாக இருந்தால் அந்த வண்டி இனி எதையும் இழுக்கக் கூடாது.

சரியான மவுண்டும் குண்டும்

டிரெய்லரைச் சமமாக நிறுத்தி, தரையிலிருந்து கப்ளரின் அடிவிளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் தரையிலிருந்து ரிசீவர் வாயின் மேல் உள்விளிம்பு வரை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மவுண்ட் எத்தனை அங்குலம் இறங்க வேண்டும் அல்லது ஏற வேண்டும் என்பது. எனக்கு 4 அங்குல இறக்கம் தேவைப்பட்டது. மூக்கு தூக்கிக்கொண்டு ஓடும் டிரெய்லர் வேகத்தில் வாலாட்டும்.

குண்டின் அளவு கப்ளரில் அச்சிட்ட அளவேதான் இருக்க வேண்டும். 2 அங்குலக் கப்ளரில் 1-7/8 குண்டு மாட்டிக்கொள்ளும், தாழ்ப்பாளும் விழும், பார்க்கச் சரியாகவே இருக்கும். ஒரு மேடு பள்ளம் வந்தால் கழன்று எகிறிவிடும். பெரிய குண்டென்றால் உள்ளேயே போகாது, அதில் ஆபத்தில்லை. சின்னதுதான் ஏமாற்றும்.

எடைக் கணக்கும் பாருங்கள். ஒரு கன கெஜம் மேல்மண் ஏறத்தாழ 2,000 பவுண்டு, மழையில் நனைந்திருந்தால் இன்னும் கூடும். டிரெய்லரின் சொந்த எடையைச் சேர்த்து மொத்தம் 3,000 என்று வைத்துக்கொண்டால், அதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 300 முதல் 450 பவுண்டு, குண்டின் மேல் உட்கார வேண்டும். ரிசீவர், மவுண்ட், குண்டு, கப்ளர், வண்டி, எல்லாவற்றிலும் ஒரு எடை எழுதியிருக்கும். எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

நட்டை இறுக்கும் அளவு: தண்டு 3/4 அங்குலம் என்றால் 160 அடி-பவுண்டு, 1 அங்குலம் என்றால் 250. குண்டு வந்த பெட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். நட்டுக்கு வெளியே மரை தெரிய வேண்டும். மவுண்டை ரிசீவரில் மாட்டி, பின் போட்ட பிறகு இறுக்குவது சுலபம், வண்டியே அதைப் பிடித்துக்கொள்ளும். மவுண்டை நுழைக்கும் முன், மறுபடி இறுகிவிடாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை லேசாகத் தடவுங்கள், தோசைக்கல்லில் எண்ணெய் தேய்க்கிற அளவுதான்.

விளக்கு

நான் இண்டிகேட்டர் போட்டபோது டிரெய்லரில் இரண்டு பக்கமும் மங்கலாகக் கண் சிமிட்டின. ஹெட்லைட்டைப் போட்டதும் அதுவும் போனது. இப்படிக் குழப்பமாக எரிந்தால் முதல் சந்தேகம் எர்த் மேல்தான் வர வேண்டும். நாலு முள் தட்டைப் பிளக்கில் வெள்ளை ஒயர் எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. வெள்ளை ஒயர் அடிச்சட்டத்தில் ஒரு ஸ்குரூவில் முடியும். அந்த இடம் நிச்சயம் துருப்பிடித்திருக்கும். கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். டிரெய்லர் பக்கத்திலும் இதே வேலை.

சரியானதா என்று தெரிய, விளக்குகள் எரியும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் வெள்ளை முள்ளிலும், மறு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எனக்கு முதலில் 3 வோல்ட் காட்டியது, தேய்த்தபின் 0.08.

கிளம்பும் முன்

கப்ளரைத் தாழ்ப்பாள் போட்டதும் டிரெய்லரின் ஜாக்கியைச் சுற்றி மூக்கைக் கொஞ்சம் தூக்குங்கள். வண்டியின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் சரியாகப் பிடித்திருக்கிறது. சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்கே மாட்டுங்கள். கழன்றாலும் மூக்கு அதில் விழும், சாலையில் குத்தாது. முதல் 50 மைல் ஓடியதும் நிறுத்தி, நட்டில் மறுபடி ரெஞ்ச்சை வைத்துப் பாருங்கள். என்னுடையது கால் சுற்று இறுகியது.